பேய்க்கீரையும் பூக்காரனும்

என் மனைவி களைச்செடியின் மகரந்தத்தைப் பையில் பிடிக்கப் போகிறாள் என்று முதன்முதலில் கேட்டபோது என் வாயில் தோசை இருந்தது. சிரித்ததில் புரையேறி, கண்ணெல்லாம் நீர் வந்துவிட்டது. அவள் என் தலையில் தட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நான் ஒரு நிலைக்கு வந்ததும், "சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"களைன்னா புடுங்கு. புடுங்க முடியலன்னா மருந்து அடி. பூவைப் புடிச்சு என்ன செய்யப் போற? எனக்குப் போட்டியா மாலை கட்டப் போறியா?"

"மருந்தெல்லாம் அடிச்சுப் பாத்தாச்சு. அது சாக மாட்டேங்குது. அதனாலதான் இந்த வேலை."

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருப்பவன். கல்யாண மாலை, கோயில் மாலை, தலைக்கு வைக்கும் சரம் எல்லாம் உண்டு. அப்போது இந்தத் தொழிலில் எனக்கு இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. அவள் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு விவசாய ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஆண்டுக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிற கான்ட்ராக்ட் வேலை. எங்கள் மகள் பினாங்குக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். என்னுடைய ரோஜாப் புலம்பல்களை அவள் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள். அவளுடைய களைகளைப் பற்றி நான் கேட்காமல் தப்பிக்க முடியுமா?

அந்தச் செடி பார்ப்பதற்குக் கீரை மாதிரியே இருக்கும். உண்மையிலேயே தண்டுக்கீரைக்குச் சொந்தக்காரச் செடிதான். துறைமுகத்தில் வந்து இறங்கும் தீவனத் தானியத்தோடு விதையாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் நினைத்தார்கள். கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு கோழித் தீவனக் கிடங்குக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டத்தில் அது முளைத்து, ஆள் உயரம் வளர்ந்து, வெண்டையையும் கத்தரியையும் மூடிவிட்டது. தோட்டக்காரர் அடித்த மருந்து எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. அதற்கு நான் பேய்க்கீரை என்று பெயர் வைத்தேன். ஆய்வுக்கூடத்தில் நீளமாக ஒரு லத்தீன் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் என் பெயர்தான் நிலைத்தது.

பேய்க்கீரையில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஆண் பூவின் தூள் காற்றில் பறந்துபோய்ப் பெண் பூவில் ஒட்டினால்தான் விதை. இதை அவள் எனக்குப் புரிய வைத்தது ஓர் ஒட்டுக்கடையில், சாப்பிட உட்காரக் காலி மேசை தேடி நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது.

"அந்த மேசையைப் பாருங்க. ஆள் இல்ல, டிஷ்யூ பாக்கெட் மட்டும் இருக்கு. நாம உக்கார முடியுதா?"

"எவனோ இடம் புடிச்சு வச்சிருக்கான், அறிவு கெட்டவன்."

"அவ்வளவுதான் லா விஷயம். ஆண் பூவோட தூளை எடுத்து, அளவா எக்ஸ்ரே குடுப்போம். தூள் உயிரோட இருக்கும், ஆனா அதால விதை உண்டாக்க முடியாது. அதைக் கொண்டுபோய்ப் பெண் பூவுல தூவிட்டா, டிஷ்யூ பாக்கெட் மாதிரி இடத்தைப் புடிச்சுக்கும். நல்ல தூள் பறந்து வந்தா உக்கார இடம் இருக்காது. விதையில்ல. அடுத்த தடவ செடியுமில்ல."

எனக்குச் சட்டென்று பிடித்துப் போயிற்று. ஆனால் ஒப்புக்கொள்வது என் குணமில்லை. "எக்ஸ்ரே தூளை வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதே" என்றேன். "எக்ஸ்ரே எடுத்துட்டு வந்த ஆளைத் தொட்டா உங்களுக்கு ஏதாவது ஆகுதா? கதிரு அதுல தங்காதுங்க" என்றாள். அதற்குள் டிஷ்யூ பாக்கெட்டின் சொந்தக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதில் அவளுக்கு என்ன பயம் என்பதும் எனக்குத் தெரியும். மேருத் தோட்டத்தில் பெண் செடிகளை ஆறு வரிசையாகப் பிரித்திருந்தார்கள். மூன்று வரிசைக்கு எக்ஸ்ரே தூளைத் தூவ வேண்டும், மூன்றைச் சும்மா விட வேண்டும். விதை முற்றியதும் எண்ணிப் பார்த்து மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் திட்டம் தொடரும், அவள் வேலையும் தொடரும். தெரியாவிட்டால் இரண்டுக்கும் அதோடு முடிவு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் அவள். முப்பத்தெட்டு வயதில், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்து, டிப்ளோமா வாங்கி இந்த வேலைக்கு வந்தாள். முதல் நாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றதை நான் கதவோரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஐம்பதை நெருங்கும்போது அதைக் கழற்றி வைக்கச் சொன்னால் அவள் எங்கே போவாள்?

வெள்ளிக்கிழமைதோறும் கிள்ளானில் ஒரு கோயிலுக்கு நான் மாலை கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த வெள்ளிக்கிழமை நான் கோயில் வாசலில் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் மேருவிலிருந்து கூப்பிட்டாள். ஆபீஸ் வேன் பட்டறையில் கிடக்கிறது, ஆண் பூக்களை ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும், திரும்பும் வழியில் எடுத்துப் போக முடியுமா என்றாள்.

போனேன். பேய்க்கீரையின் ஆண் பூக்கள் நுனியில் நீளமாக, பூனை வால் மாதிரி நிற்கும். அவற்றை வெட்டிக் காகிதப் பைகளில் போட்டு, வாயை மடித்துக் கிளிப் மாட்டி, ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். இருபத்து நான்கு பை. விடியற்காலையிலிருந்து வேலை பார்த்ததில் முகமெல்லாம் மண்.

"பத்திரம். வெயில் படக்கூடாது. பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துடுங்க."

"இருபத்தேழு வருஷமா பூ ஏத்துறேன். எனக்கு நீ சொல்லிக்குடுக்கிறியா?"

"சரி சரி, பூக்கார முதலாளி, போயிட்டு வாங்க" என்று சிரித்துவிட்டு, பெண் செடிகளை எண்ணப் போய்விட்டாள்.

ஷா ஆலாம் பக்கத்தில் ஒரு லோரி கவிழ்ந்து கிடந்தது. மூன்று தடத்தில் ஒன்றுதான் திறந்திருந்தது. என் வேனில் ஏர்கோன் பேருக்குத்தான் இருந்தது. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம், வண்டி நகரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னால் எட்டி ஒரு பையைத் திறந்து பார்த்தேன். காலையில் விறைப்பாக நின்ற பூ தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அடுத்த பையைத் திறந்தேன். அதுவும் அப்படியே.

என் வேனில் ஒரு போத்தல் எப்போதும் இருக்கும். மூடியில் ஊசியால் துளை போட்டது. வாடுகிற பூவைப் பார்த்தால் என் கை தானாக அதை எடுத்துவிடும். அன்றைக்கும் எடுத்தது. இருபத்து நான்கு பையையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கனகாம்பரத்துக்குத் தெளிக்கிற அளவுக்கு, அதிகமில்லாமல், துளித்துளியாகத் தெளித்து, மறுபடி மடித்துக் கிளிப் மாட்டினேன். அவள் விடியலிலிருந்து பட்ட பாட்டை என்னால் காப்பாற்ற முடிந்ததே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்த ஊழியர் பெட்டியை வாங்கிக் குளிரறையில் வைத்தார். நான் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

மறுநாள் மாலை வீடு திரும்பியபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் நிறுத்தவில்லை.

"என்ன ஆச்சு?"

"தூள் எல்லாம் போச்சுங்க. சலிச்சா பிட்டு மாவு மாதிரி கட்டி கட்டியா வருது. மைக்ராஸ்கோப்ல பாத்தா பாதிக்கு மேல வெடிச்சுக் கெடக்கு. தண்ணி பட்டா அது வெடிச்சுடும். பனி காயறதுக்கு முன்னாடியே வெட்டிட்டேன் போல. எல்லாம் என் தப்பு." கை அரிசியிலேயே இருந்தது. "செத்த தூளைத் தூவி என்ன பிரயோஜனம்? அது இடம் புடிக்காதே. பெண் பூவு இன்னும் சில நாள்தான் தாங்கும்."

அப்போது நான் செய்ததை எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ குரலை உயர்த்தினேன்.

"பனி காயறதுக்கு முன்னாடி உன்னை யாரு வெட்டச் சொன்னா? இத்தனை வருஷமா வேலை பாக்குற, இதுகூடத் தெரியாதா?"

அவள் தலையை ஆட்டிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும், ஆனால் அந்த வாய் இப்படியும் வேலை செய்யும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அன்று சோறு இறங்கவில்லை. அவள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பதினைந்து வருஷமாகச் சரம் கட்டும் அக்கா, "டேய், ஒரே எடத்துல ஊத்திக்கிட்டிருக்க. பூ மெதக்குது பாரு" என்றார். நான் போத்தலைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கையில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "இதை என்கிட்ட சொல்லி என்னடா ஆவப் போவுது? வண்டியை எடு" என்றார்.

அவள் மேருவில் இருந்தாள். இன்னும் விரியாத ஆண் பூ எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று செடி செடியாகத் தேடிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் நின்றேன்.

"பனி இல்ல. நான்தான் தண்ணி தெளிச்சேன். ஜாம்ல நின்னப்போ. வாடிப் போச்சேன்னு."

அவள் சட்டைப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தாள்.

"எத்தனை பையில?"

"எல்லாத்துலயும்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தரை இருக்கும். நீ திட்டிடேன், எழுதாதே."

எழுதினாள். எழுதி முடித்து நோட்டை மூடினாள்.

"தண்ணி தெளிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லங்க. நேத்து தெரிஞ்சுக்கிட்டே என்னைத் திட்டினீங்க பாருங்க. அதுக்குத்தான் கோவம். ராத்திரி பூரா நான் என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

"தப்புதான்" என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அந்தச் சொல்லை அதிகம் செலவழித்தவனில்லை. "தப்புதான். ரெண்டும் தப்புதான்."

அவள் திரும்பிக்கொண்டு தேடலைத் தொடர்ந்தாள். நானும் அடுத்த வரிசையில் தேட ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு, "அங்க குட்டையா ஒண்ணு நிக்குது, அதைப் பாருங்க" என்றாள். எனக்கு அது போதும்.

பிந்தி முளைத்த குட்டை ஆண் செடிகள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன். பனி நன்றாகக் காயும்வரை மூவரும் கிடங்குச் சுவரோரம் நின்றோம். அக்கா அந்தச் செடியைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "பருப்புப் போட்டுக் கடைஞ்சா நல்லாத்தான் இருக்கும், இதைப் போயி ஒழிக்கணுங்கிறீங்க" என்றார். "ஆன மட்டும் கடைஞ்சு சாப்பிடுங்கக்கா, எனக்கு வேலை மிச்சம்" என்றாள் என் மனைவி. அன்றுதான் அவள் மறுபடி சிரித்தாள்.

பூ வெட்டும் வேலையில் நானும் அக்காவும் எதற்கும் உதவாதவர்களாக இருந்தோம். எங்கள் கைக்குப் பூவை நோகாமல் பிடிக்கத்தான் தெரியும். அவளோ பையை மேலே மாட்டிவிட்டுப் பூவைத் தட்டு தட்டென்று தட்டினாள். "கொழந்தையைத் தூக்கற மாதிரி தூக்காதீங்க, உதறுங்க" என்று எங்கள் இருவரையும் விரட்டினாள். இரண்டு நாள் பாடுபட்டும் ஒரு தேக்கரண்டித் தூள்தான் தேறியது. அதற்கு எக்ஸ்ரே கொடுத்து எடுத்துவந்து, காற்று இல்லாத ஒரு காலை நேரத்தில், மெல்லிய தூரிகையால் பெண் பூக்களின் மேல் தூவினாள். மூன்று வரிசைக்கு வேண்டியது ஒரு வரிசைக்குத்தான் வந்தது.

விதை முற்றும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நான் அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. முற்றியதும் என்னையும் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். தூவாத வரிசையில் ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதச் சொன்னாள். உமி பறந்தது, கறுப்பாக, கடுகைவிடப் பொடியாக, விதை கையில் நிறைய நின்றது. தூவிய வரிசையில் உருவி, கசக்கி, ஊதினேன். உமி பறந்தது. கையில் நாலைந்து விதைதான் இருந்தது. நான் இன்னொரு கதிரை உருவினேன். இன்னொன்று. கூச்சல் போட்டேன் என்று நினைக்கிறேன், கிடங்கிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு வரிசைதாங்க. ஒரு வரிசையை வச்சு யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஒரு வரிசை ஆதாரமாகாது, ஆனால் இன்னொருமுறை செய்து பார்க்கக் காரணமாகும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அவள் கான்ட்ராக்டும் அந்த இன்னொரு முறைக்கு மட்டும் நீண்டது. இந்தத் தடவை மூன்று வரிசையும் சரியாக வர வேண்டும், வராவிட்டால் அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

அந்த அறிக்கையின் நகல் ஒன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எனக்கு இங்கிலீஷ் நிதானமாகத்தான் ஓடும். விரலை வைத்துப் படித்தேன். மாதிரிகள் வழியில் நனைந்துவிட்டன, கொண்டு வந்தவருக்கு அறிவுறுத்தத் தவறியது தன் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நாளே அவள் மேருவில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அவளுடைய மேலதிகாரி ஒரு சீன அம்மா, எல்லோருக்கும் டாக்டர். அவரிடம் மலாயில், தவறு என்னுடையது, அவள் பெயரில் இருக்கக் கூடாது, மாற்றி எழுதுங்கள் என்று படபடவென்று சொன்னேன்.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். தானும் இதையே சொன்னதாகவும், அவள் கேட்கவில்லை என்றும் சொன்னார். "வாடுற பூவைப் பாத்துக்கிட்டு என் வீட்டுக்காரரால சும்மா இருக்க முடியாது. அவர்கூட இருபத்திரண்டு வருஷமா இருக்கிறவளுக்கு அது தெரியும். தெரிஞ்சும் தண்ணி தெளிக்காதீங்கன்னு சொல்லாம விட்டது நான்தானே" என்று கேட்டாளாம். நான் எழுந்து வந்து வேனில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒருத்தி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாளே என்று அழுகை வந்தது. அழுதேன்.

அடுத்த பருவத்தில் பேய்க்கீரை மறுபடி பூத்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நான் மாலைகளை இறக்கிய நேரம் அவள் கூப்பிட்டாள்.

"திரும்பும்போது வந்து பெட்டியை எடுத்துட்டுப் போறீங்களா? ஆபீஸ் வேன்ல சாமான் நெறைஞ்சு கெடக்கு."

போய்ப் பார்த்தேன். ஆபீஸ் வேன் பின்பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மண்வெட்டியும் ஒரு வாளியும்தான். நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். பெட்டியை என் கையில் கொடுத்தாள். இந்த முறை முப்பது பை. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பின்னாலேயே வரேன், போங்க" என்றாள்.

அன்றைக்கும் ஜாம்தான். போத்தல் இருக்கைக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தது. பைகளுக்குள் பூக்கள் மெல்லத் தளர்வது எனக்குத் திறந்து பார்க்காமலே தெரிந்தது. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, முன்னால் நின்ற லோரியின் நம்பரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் ஆய்வுக்கூடம் போய்ச் சேருவதற்கும் அவள் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

அவள் மேசையில் கறுப்புக் காகிதம் விரித்து, முதல் பையைத் திறந்து, பூவை எடுத்தாள். அது துவண்டு, நிறம் மங்கி, பார்க்கவே சகிக்கவில்லை. கடைக்கு அப்படி ஒரு பூ வந்தால் நான் கையால் தொடமாட்டேன்.

"சுத்தமா வாடிப் போச்சு" என்றேன்.

அவள் பூவைத் தட்டினாள். மஞ்சளாகத் தூள் கொட்டியது. இரண்டாவதைத் தட்டினாள், கொட்டியது. மூன்றாவதைத் தட்டிவிட்டு, மூக்கு நுனியில் மஞ்சள் ஒட்டியிருக்க, என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ பேருக்குப் பூக் கொடுத்திருக்கிறேன். என் கையிலிருந்து வாடிய பூவை வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான்.